போலந்தில் வாழ வருகிறீர்களா? முதலில் 'ஜென் தோப்ரி' (வணக்கம்) சொல்லப் பழகுங்கள்

போலந்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருபவர்களுக்கு விசா, சம்பளம், வாடகை பற்றிச் சொல்ல ஏஜென்ட் முதல் யூடியூப் வரை ஆள் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஏன் முறைத்துப் பார்க்கிறார், கடைக்காரம்மா ஏன் சிடுசிடுக்கிறார், மாதக்கணக்கில் வணக்கம் தவிர ஒன்றும் பேசாத சக ஊழியர் ஏன் திடீரென்று கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிடுகிறார் என்பதை விளக்கத்தான் ஆளில்லை. வ்ரோட்ஸ்வாஃப் நகரத்தில் குடியிருக்கும் எனக்குப் புரிந்தது இதுதான்: இங்கே மரியாதைக்கென்று சில முறைகள் உண்டு. அவற்றைச் சரியாகச் செய்பவருக்கு மெல்லக் கதவு திறக்கும். சிரித்துப் பேசிச் சமாளித்துவிடலாம் என்று வருபவர் மேல் சந்தேகம்தான் வரும்.

எனவே விமானம் ஏறுவதில் தொடங்கி, தேவைப்படும் வரிசையிலேயே சொல்கிறேன்.

கிளம்பும் முன்

பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும்) முத்திரை வாங்கி வையுங்கள். பட்டச் சான்றிதழுக்கும் சேர்த்து வாங்கினால் நல்லது. இங்கே எந்த அலுவலகத்திலும் வெளிநாட்டு ஆவணத்தை அப்படியே ஏற்கமாட்டார்கள். உறுதிமொழி எடுத்த அரசு அங்கீகார மொழிபெயர்ப்பாளர் போலிஷில் பெயர்த்து முத்திரையிட்டுத் தர வேண்டும். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்க ஆள் எளிதாகக் கிடைக்கும், தமிழிலிருந்து பெயர்க்கத் தேடி அலைய வேண்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஊரிலேயே ஆங்கிலப் பிரதி வாங்கிவிடுங்கள்.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். இங்குள்ள எல்லா படிவத்திலும் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் வங்கியிலிருந்து செல்போன் இணைப்பு வரை எல்லா இடத்திலும் அரைமணி நேரம் விளக்க வேண்டிவரும். முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே இனிஷியலை விரித்து பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். குழந்தையோடு வருபவர்கள், அப்பாவின் குடும்பப் பெயரும் பிள்ளையின் குடும்பப் பெயரும் ஏன் வேறு வேறு என்ற கேள்விக்குப் பிறப்புச் சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள்.

முதல் மாதம்: எண், வீடு, பணம்

பெசெல் என்பது 11 இலக்க அடையாள எண். முதல் ஆறு இலக்கங்களில் உங்கள் பிறந்த தேதி ஒளிந்திருக்கும். மருத்துவர், வரி, செல்போன், மருந்துக்கடை என்று எங்கும் இதைத்தான் கேட்பார்கள். அந்த எண்ணைப் பெற நேர்வழி, நீங்கள் தங்கும் முகவரியை நகராட்சி அலுவலகத்தில் பதிவது. இந்தப் பதிவுக்குப் பெயர் ஸமெல்டோவானியே. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து 30 நாட்களுக்கு மேல் தங்குபவர் வந்த நான்காவது நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். வாடகை ஒப்பந்தத்தையும் பாஸ்போர்ட்டையும் கொண்டுபோனால் பதிந்துவிடலாம், செலவும் பெரிதாக இல்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் இதற்குத் தயங்குவார்கள். பதிவு கொடுத்தால் வாடகைதாரரைக் கிளப்ப முடியாது என்ற பழைய பயம் இன்னும் போகவில்லை. சட்டப்படி அது வெறும் முகவரிப் பதிவு, வீட்டின் மேல் எந்த உரிமையும் தராது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்; கொடுத்த பிறகு உங்கள் பேச்சு எடுபடாது.

வாடகை விளம்பரத்தைப் படிக்கவும் ஒரு பயிற்சி வேண்டும். பெரிய எழுத்தில் போட்டிருப்பது வீட்டுக்காரருக்கான தொகை மட்டும். அதன் கீழே சின்ன எழுத்தில் 'சின்ஷ்' என்று இன்னொரு தொகை இருக்கும்: கட்டடப் பராமரிப்பு, குப்பை, பெரும்பாலும் வெந்நீர்ச் சூடாக்கத்துக்கான முன்தொகை எல்லாம் அதில் அடக்கம். மின்சாரம், எரிவாயு, இணையம் தனி. மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் சரி சொல்ல வேண்டும். முன்பணம் வழக்கமாக ஒரு மாத வாடகை, சில இடங்களில் இரண்டு.

வெளிநாட்டவர் என்றால் பல வீட்டுக்காரர்கள் 'நாயெம் ஒகாஸியோனால்னி' என்ற வகை ஒப்பந்தம் கேட்பார்கள். அதில் நீங்கள் நோட்டரி முன்பு, ஒப்பந்தம் முடிந்தால் காலி செய்வேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். கூடவே, காலி செய்தால் எங்கே போவேன் என்று போலந்திலேயே இன்னொரு முகவரியும், அந்த வீட்டு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். நேற்று வந்தவருக்கு இன்னொரு வீடு எங்கிருந்து வரும்? நிறுவனம் மூலம் வருபவர்கள் அந்த முகவரிக்கு உதவ முடியுமா என்று மனிதவளப் பிரிவிடம் வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முகவரியை விலைக்குத் தருகிறோம் என்று வருபவர்களும் உண்டு, ஏமாற வேண்டாம். சாவி வாங்கும் நாளில் சுவரில் உள்ள கறை, மீட்டர் அளவு, உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் எழுதிப் படமெடுத்து இருவரும் கையெழுத்திடுங்கள். இந்த ஊரில் தாளில் இருப்பதுதான் உண்மை.

பணம் ஸ்வோட்டி, அதன் நூறில் ஒன்று குரோஷ். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-லேயே சேர்ந்துவிட்டாலும் யூரோவுக்கு மாறவில்லை. வங்கிக் கணக்கு திறந்தவுடன் அதன் செயலியில் பிளிக் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வரும், அதை வைத்துக் கடையிலும் இணையத்திலும் பணம் கட்டலாம், ஏடிஎம்மில் எடுக்கலாம், நண்பரின் செல்போன் எண்ணுக்கே அனுப்பலாம். நம் யுபிஐ பழகியவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் கைவந்துவிடும். அந்தக் குறியீட்டைக் கேட்டு 'நண்பர்' யாராவது குறுஞ்செய்தி அனுப்பினால் முதலில் அவருக்குப் போன் போடுங்கள். கணக்கைத் திருடியவர்களின் வழக்கமான வேலை அது.

மாடிப்படியில் நடக்கும் தேர்வு

லிஃப்டில், மாடிப்படியில், மருத்துவரின் காத்திருப்பு அறையில் யாரைப் பார்த்தாலும் 'ஜென் தோப்ரி' சொல்லுங்கள். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சொல்ல வேண்டும். லிஃப்டை விட்டு இறங்கும்போது 'தோ விட்ஸேனியா', அதாவது போய்வருகிறேன். சிரிக்க வேண்டிய அவசியமில்லை, குரல் தெளிவாக வந்தால் போதும். அதே ஆளைத் தெருவில் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தால், இவனுக்கு என்ன வேண்டுமாம் என்றுதான் பார்ப்பார்கள். தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் இங்கே இல்லை, அதில் வெறுப்பும் இல்லை.

மாடிக்கட்டடத்துப் பாட்டிமார்களின் தயவு முக்கியம். கீழ்த்தளத்து ஜன்னலில் தலையணை போட்டு முழங்கையூன்றி, யார் வருகிறார், யார் போகிறார், எந்தத் தொட்டியில் என்ன போட்டார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். குப்பைக்கு நாடெங்கும் ஒரே நிற முறை: காகிதம் நீலம், கண்ணாடி பச்சை, பிளாஸ்டிக்கும் உலோகமும் மஞ்சள், மட்கும் குப்பை பழுப்பு, மிச்சம் கறுப்பு. வாழைப்பழத் தோலைப் பிளாஸ்டிக் பையோடு பழுப்புத் தொட்டியில் போட்டால் கண்டிப்பாகப் பேச்சு வாங்குவீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். அந்த நேரத்தில் மிக்சி ஓட்டாதீர்கள், இட்லி மாவை மாலையிலேயே அரைத்துவிடுங்கள். இரவில் சத்தம் கேட்டால் உங்களிடம் வந்து சொல்வதற்கு முன்பே போலீசுக்குச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. விருந்து வைப்பதாக இருந்தால் முந்தின நாளே வாசலில் ஒரு காகிதம் ஒட்டி, இன்ன வீட்டில் விசேஷம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டால் அதே ஆட்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

தாளிப்பு வாசனை பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய கட்டடங்களில் சமையலறை, குளியலறைச் சுவரில் காற்றுத்துளைச் சட்டம் இருக்கும், அது மேல்தளம் வரை போகும் புகைவழியில் சேரும். உங்கள் கடுகும் மிளகாயும் நான்காவது மாடிக்கும் போகும். சமைக்கும்போது ஜன்னலைத் திறங்கள். ஆனால் வாசனை போகிறது, குளிர்காற்று வருகிறது என்று அந்தச் சட்டத்தை மட்டும் அடைக்கவே கூடாது. குளியலறையில் எரிவாயு வெந்நீர் அடுப்பு உள்ள வீடுகளில் காற்றோட்டம் நின்றால் கார்பன் மோனாக்சைடு தேங்கி ஆளையே கொன்றுவிடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிச் சாவுகள் நடக்கின்றன. ஒரு எச்சரிக்கைக் கருவி வாங்கி மாட்டிவிடுங்கள். வருடம் ஒருமுறை கறுப்புச் சீருடையில் புகைபோக்கி ஆய்வாளர் வந்து கதவைத் தட்டுவார், திறந்து விடுங்கள். தெருவில் அவரைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டால் அதிர்ஷ்டம் என்பது இங்குள்ள நம்பிக்கை. ஐடி நிறுவன மேலாளர்கள்கூடப் பிடிக்கிறார்கள்.

கடை, டிராம், ஓட்டல்

முதல் நாளிலேயே கண்ணில் படும் பச்சை நிறக் குட்டிக் கடைகள் ஜாப்கா. வாரச் சாமான்களுக்கு பியெத்ரோன்கா, லிடில் போன்ற பெரிய கடைகள். 2018 மார்ச் முதல் ஞாயிறு வியாபாரத்துக்குத் தடை இருக்கிறது. 2025-லிருந்து வருடத்தில் எட்டே எட்டு ஞாயிறுகளில்தான் பெரிய கடைகள் திறக்கும், அதில் மூன்று கிறிஸ்துமஸுக்கு முந்தையவை. சனிக்கிழமை மாலைக்குள் வாங்கி வைக்காவிட்டால் ஜாப்காதான் கதி. கடை உரிமையாளரே கல்லாவில் நிற்கலாம் என்ற விலக்கு அவர்களுக்கு உதவுகிறது.

கல்லாவில் பொருட்கள் புயல் வேகத்தில் வந்து விழும், பை தயாராக இருக்கட்டும். சில்லறையைக் கையில் கொடுக்காமல் தட்டில் வையுங்கள். பெரிய நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். 2025 அக்டோபர் முதல் பிளாஸ்டிக் பான பாட்டிலுக்கும் உலோகப் பான டப்பாவுக்கும் அரை ஸ்வோட்டி முன்பணம் வாங்குகிறார்கள். பாட்டிலை நசுக்காமல் திருப்பிக் கொடுத்தால் அது கைக்கு வரும்.

டிராமில் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறியவுடன் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். சாதாரண உடையில் வரும் பரிசோதகர்களிடம் புதிதாக வந்தவன் என்ற கதை எடுபடாது. நடுராத்திரியில் வண்டியே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்குக் காத்து நிற்பவர்களைப் பார்ப்பீர்கள், நீங்களும் நில்லுங்கள், அபராதம் உண்டு. பொது இடத்தில் மது குடிப்பதும் அபராதத்துக்குரியது.

ஓட்டலில் ஒரு பொறி இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு 'ஜென்கூயே', அதாவது நன்றி, என்று சொன்னால் மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாகிவிடும். அறுபது ஸ்வோட்டி பில்லுக்கு நூறு கொடுத்து நன்றி சொன்னால் நாற்பதும் போச்சு. மீதி கைக்கு வரும்வரை நன்றியை அடக்கி வையுங்கள். அவசரத்துக்கு இன்னொன்று: கழிப்பறைக் கதவில் வட்டம் என்றால் பெண்கள், முக்கோணம் என்றால் ஆண்கள்.

அலுவலகம்

பன்னாட்டு நிறுவனத்தில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வெளியே அப்படி இல்லை. வங்கியில், அரசு அலுவலகத்தில், பள்ளியில், பக்கத்து வீட்டில் ஆணைப் 'பான்' என்றும் பெண்ணைப் 'பானி' என்றும்தான் அழைக்க வேண்டும். தமிழில் நீ, நீங்கள் பார்த்துப் பேசி வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை, ஆங்கிலத்தில் மட்டும் வளர்ந்தவர்கள்தான் திணறுவார்கள். இளையவர் தானாக ஒருமைக்கு மாறக்கூடாது. வயதில் மூத்தவர், அல்லது பெண், முதலில் கை நீட்டித் தன் பெயரைச் சொல்லி மாறலாமா என்று கேட்பார். அதற்குப் பிறகு பழையபடி பான், பானி என்றால் கோபமா என்று கேட்பார்கள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் உண்மையான பதில் வரும்: முதுகுவலி, தூக்கமில்லை, விலைவாசி, அரசாங்கம். குறைசொல்வது இங்கே பேச்சைத் தொடங்கும் வழி. நீங்களும் பதிலுக்கு டிராம் தாமதத்தைப் பற்றி ஒன்று சொன்னால் பேச்சு வளரும். எல்லாம் அருமை, பிரமாதம் என்று சொல்பவரோடு என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியாது. அதேபோல வேலையைப் பற்றிய கருத்தையும் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். 'பரவாயில்லை' என்றால் அது பாராட்டு. நாம் பழகியபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஆமாம் என்று சொல்லிவிட்டு பிறகு முடியவில்லை என்றால் நம்பிக்கை போய்விடும். முடியாது என்று முதலிலேயே சொல்பவருக்குத்தான் மதிப்பு.

ஒப்பந்தம் எந்த வகை என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். 'உமோவா ஓ ப்ராட்சே' என்றால் தொழிலாளர் சட்டம் முழுவதும் உங்களுக்குப் பொருந்தும், சம்பளத்துடன் வருடத்துக்கு 20 நாள் விடுப்பு, பத்து வருட அனுபவக் கணக்கு சேர்ந்தால் 26. பட்டப்படிப்புக்கே எட்டு வருடத்தைக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதால் சான்றிதழை மனிதவளப் பிரிவில் கொடுக்க மறக்காதீர்கள். 'உமோவா ஸ்லெட்செனியே' என்றால் இந்தப் பாதுகாப்பெல்லாம் குறைவு. பேசும் சம்பளம் பிடித்தத்துக்கு முந்தையதா பிந்தையதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வர வேண்டியது நீங்கள்தான்.

வயிற்றுப்பாடு

அரிசி நூறு கிராம் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, பையோடு வேகவைக்கச் சொல்லி விற்பார்கள். பார்த்துப் பயப்பட வேண்டாம், கிலோ கணக்கிலும் கிடைக்கும், பெரிய நகரங்களில் இந்தியக் கடைகளும் உண்டு. உள்ளூர்ப் பொருளிலேயே நமக்கு உதவுபவை நிறைய. மஷ்லான்கா என்பது மோர்தான், மோர்க்குழம்புக்கு அப்படியே ஆகும். த்வாரூக் என்ற பாலாடைக்கட்டி பனீருக்கு நெருக்கம், ஆனால் எண்ணெயில் போட்டால் உதிர்ந்துவிடும். உப்புநீரில் புளிக்கவைத்த வெள்ளரிக்காய் ஊறுகாய் ஏக்கத்தை ஓரளவு தீர்க்கும். எதைக் கேட்டாலும் மேலே சோயிக்கீரையைத் (டில்) தூவித் தருவார்கள், பழகிவிடும்.

மலிவாகச் சாப்பிட பால் பார் என்று பெயர் பெற்ற பார் ம்லெச்னி. சோஷலிசக் காலத்தின் மிச்சம். தட்டை எடுத்துவந்து, சாப்பிட்ட பின் நீங்களே திருப்பி வைக்க வேண்டும். சைவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. 'பியரோகி ருஸ்கியே' என்பது உருளைக்கிழங்கும் த்வாரூக்கும் வைத்த கொழுக்கட்டை, சைவம்தான். ஆனால் மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளைப் போட்டுத் தருவது வழக்கம். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சூப்புகளில் காய் மட்டும் மிதந்தாலும் அடியில் இறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். நாளின் பெரிய சாப்பாடு மதியம் இரண்டு முதல் நான்கு மணிக்குள், அல்லது வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு. அலுவலகத்தில் பதினோரு மணிக்கு ரொட்டியைக் கடிப்பவர் சாப்பிடுவது இரண்டாம் காலைச் சிற்றுண்டி.

வீட்டுக்குக் கூப்பிட்டால்

இது சாதாரண விஷயமல்ல. ஒரு போலந்துக்காரர் வீட்டுக்குக் கூப்பிட்டால் உங்களை உள்வட்டத்தில் சேர்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். வெளியில் பார்த்த ஆளும் வீட்டுக்குள் பார்க்கும் ஆளும் ஒருவர்தானா என்று சந்தேகம் வரும், அவ்வளவு கலகலப்பு இருக்கும்.

பூ வாங்கிப் போங்கள், எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். இரட்டைப்படை இறுதிச் சடங்குக்கு. சாமந்தி வேண்டவே வேண்டாம், அது கல்லறைப் பூ. வாசற்படிக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு கைகொடுக்கக் கூடாது, உள்ளே காலெடுத்து வைத்த பிறகுதான். பிறகு செருப்பைக் கழற்ற வேண்டும், அது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுச் செருப்பு ஒன்று நீட்டுவார்கள். சொன்ன நேரத்துக்குச் சரியாக, அல்லது ஐந்து பத்து நிமிடம் கழித்துப் போகலாம், முன்னால் போகக் கூடாது. ஏழரை மணியைப் போலிஷில் எட்டுக்கு அரை என்று சொல்வார்கள், எட்டரை என்று நினைத்துப் போய் நிற்காதீர்கள்.

சாப்பாட்டு மேசையில் கல்யாணப் பந்தியில் இலை மூடவிடாத பெரியம்மாதான் உட்கார்ந்திருப்பார். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் கூச்சம் என்று நினைப்பார், மூன்று முறை சொல்ல வேண்டும். முதல் சுற்றைக் கொஞ்சமாக எடுத்துக்கொள்வதுதான் தற்காப்பு. மது வேண்டாம் என்றால், காரணம் விளக்கத் தொடங்கினால் வாதம் வளரும். 'வண்டி ஓட்ட வேண்டும்' என்று சொல்லுங்கள், உடனே விட்டுவிடுவார்கள். ரத்தத்தில் 0.2 புரோமில் (ஆயிரத்தில் 0.2 பங்கு) ஆல்கஹால் இருந்தாலே தண்டனை என்பதால் அந்த ஒரு காரணத்தை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சைவம் என்பதை மட்டும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மேசைக்கு வந்து சொன்னால் சமைத்தவர் மனம் நொந்துபோவார், கோழியைக் காட்டி இது இறைச்சி இல்லையே என்பவர்களும் உண்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவான விகிலியாவுக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்காதீர்கள். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு. மேசை விரிப்பின் கீழே கொஞ்சம் வைக்கோல், பன்னிரண்டு வகை, எதிலும் இறைச்சி கிடையாது (மீன் உண்டு, குறிப்பாகக் கெண்டை மீன்). எதிர்பாராத விருந்தாளிக்காக ஒரு தட்டு காலியாக இருக்கும். முதலில் 'ஓப்வாட்டெக்' என்ற மெல்லிய அப்பத்தை ஆளுக்கொன்று கையில் தருவார்கள். ஒவ்வொருவரிடமும் போய் அவர் அப்பத்தில் ஒரு துண்டு உடைத்து, உங்கள் அப்பத்தை நீட்டி, வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமும் நல்ல வேலையும் கிடைக்கட்டும் என்றால் போதும். அந்தச் சில நிமிடத்தில் பேசாத மாமனும் மருமகனும்கூடப் பேசிவிடுவார்கள்.

உடம்புக்கு முடியாவிட்டால்

வேலையில் சேர்ந்து காப்பீட்டுப் பிடித்தம் தொடங்கியவுடன் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துப் படிவம் கொடுத்து வையுங்கள். காய்ச்சல் வந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. காலை எட்டு மணிக்குப் போன் போட்டால்தான் அன்றைக்கு நேரம் கிடைக்கும். அறைக்கு வெளியே வரிசை தெரியாவிட்டால் 'க்தோ ஓஸ்தாட்னி?' என்று கேளுங்கள், யார் கடைசி என்று பொருள். அவருக்குப் பின்னால் நீங்கள். சிறப்பு மருத்துவருக்கு அரசு வழியில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், அதனால்தான் நிறுவனங்கள் தனியார் மருத்துவத் திட்டம் சேர்த்துத் தருகின்றன. மருந்துச் சீட்டுத் தாளில் வராது. நான்கு இலக்கக் குறியீட்டையும் பெசெல் எண்ணையும் மருந்துக்கடையில் சொன்னால் போதும். இரவிலும் விடுமுறையிலும் இயங்கும் மருத்துவ நிலையங்கள் உண்டு, உயிருக்கு ஆபத்து என்றால் 112.

குழந்தைக்குத் தொப்பி போடாமல் வெளியே கூட்டிப்போனால் முன்பின் தெரியாத பாட்டி வந்து திட்டுவார். இரண்டு ஜன்னலுக்கு நடுவே காற்றோட்டத்தில் உட்கார்ந்தால் நோய் வரும் என்பதில் மருத்துவம் படித்தவர்களுக்கும் சந்தேகமில்லை. டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள்.

எதைப் பேசலாம், எதை வேண்டாம்

கிழக்கு ஐரோப்பா என்று சொல்லாதீர்கள், மத்திய ஐரோப்பா என்று திருத்துவார்கள். ரஷ்ய மொழி மாதிரியே இருக்கிறது என்று போலிஷைச் சொல்லவே வேண்டாம். ஆஷ்விட்ஸ் ஜெர்மன் நாஜிகள் நடத்திய முகாம். 'போலந்து முகாம்' என்று வாய் தவறினால் மன்னிக்கமாட்டார்கள். 1795 முதல் 1918 வரை 123 ஆண்டுகள் வரைபடத்திலேயே இல்லாமல் போன நாடு, அதன்பின் போர், பிறகு 1989 வரை கம்யூனிஸ்ட் ஆட்சி. அரசாங்கத்தை நம்பாமல், தெரிந்த ஆளை நம்பிக் காரியம் முடிக்கும் குணத்துக்கு இந்த வரலாறுதான் காரணம் என்று அவர்களே சொல்வார்கள். ஆகஸ்ட் 1 மாலை ஐந்து மணிக்கு வார்சாவில் இருந்தால், சைரன் ஒலிக்கும்போது எல்லோரையும் போல நின்றுவிடுங்கள். 1944-இல் ஜெர்மானியருக்கு எதிராக நடந்த வார்சா எழுச்சியின் நினைவு அது. நவம்பர் 1 கல்லறை நாள், ஊரெல்லாம் விளக்கேற்றப் போகும். அன்று 'ஹேப்பி' எதுவும் சொல்லக் கூடாது.

மதம், அரசியல் இரண்டிலும் வாயைத் திறக்காமல் கேட்பதே நல்லது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் கத்தோலிக்கர் என்று பதிந்திருந்தாலும், பாட்டி தினம் பூசைக்குப் போவதும் பேத்தி சர்ச் பக்கமே போகாததும் ஒரே வீட்டில் நடக்கும். நல்ல பேச்சுத் தொடக்கம் வேண்டுமானால் ஒன்று இருக்கிறது: போரில் அநாதையான போலந்துக் குழந்தைகளுக்கு 1942-இல் குஜராத்தின் ஜாம்நகர் மகாராஜா தன் ஊருக்கு அருகே பாலாசடியில் இடம் கொடுத்தார். வார்சாவில் 'நல்ல மகாராஜா' பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது. தெரிந்தவர்கள் முகம் மலரும், தெரியாதவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள்.

நிறத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். டிராமில் உற்றுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது வேடிக்கை பார்ப்பதுதான், நீங்கள் 'ஜென் தோப்ரி' சொன்னால் பதில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். ஆனால் குடியேற்றம் பற்றிய பேச்சு அண்மை ஆண்டுகளில் சூடாகியிருக்கிறது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் நம் நாட்டுப் பையன்களுக்குத்தான் வசவு அதிகம் விழுகிறது, கோட்டு சூட்டு போட்ட பொறியாளர்களுக்குக் குறைவு. அதனால் 'எனக்கு எதுவும் நடந்ததில்லை' என்ற ஒருவர் சொல்லை முழு உண்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு டிராமில் ஓட்டுநர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள், குடித்தவனோடு வாதம் வேண்டாம். நவம்பர் 11 சுதந்திர நாளில் வார்சா மையத்தில் தேசியவாதிகளின் பெரிய பேரணி நடக்கும், அன்று அந்தப்பக்கம் வேலை இல்லாவிட்டால் போக வேண்டாம். அடிப்பதும் மிரட்டுவதும் இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதும் குற்றவியல் சட்டத்தின் 119, 257 ஆவது பிரிவுகளில் குற்றம். 112-க்கு அழையுங்கள், சாட்சி சொல்லச் சம்மதிப்பவரின் எண்ணை வாங்குங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள்.

தங்குவதென்று முடிவு செய்தால்

வதிவிட அட்டைக்கான விண்ணப்பத்தை இப்போதைய விசா முடிவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். முடிவு வர மாதக்கணக்காகும், அதுவரை போலந்தில் தங்குவது சட்டபூர்வம்தான். ஆனால் அந்த இடைக்காலத்தில் விசா காலாவதியாகியிருந்தால், ஊரில் கல்யாணம் என்று கிளம்பினால் திரும்பி வரப் புது விசா வேண்டும். பக்கத்தில் பெர்லினுக்குப் போவதும் அந்த அனுமதியில் சேராது. டிக்கெட் போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

மொழியை முதல் வருடமே தொடங்குங்கள். ஏழு வேற்றுமைகள் இருக்கின்றன என்று ஐரோப்பியர்கள் அலறுவார்கள். எட்டு வேற்றுமை படித்த நமக்கு அந்தப் பயம் பாதியாவது குறையும், உச்சரிப்புதான் நாக்கைச் சுளுக்கும். வார்சா பல்கலைக்கழகத்தில் போலந்து மாணவர்கள் தமிழ் படிக்கிறார்கள், அவர்களில் யாரையாவது பிடித்தால் மொழிப் பரிமாற்றத்துக்கு ஆள் கிடைத்தாயிற்று. நீண்டகால வதிவிட அனுமதிக்கும் குடியுரிமை அங்கீகாரத்துக்கும் போலிஷில் பி1 (இடைநிலை) மொழிச் சான்றிதழ் கேட்பார்கள். அரசுத் தேர்வுக்கான இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு தொடங்கும் தேதியைப் பார்த்து வைத்து அன்றே பணம் கட்டிவிடுங்கள்.